காலையில் குடிக்கும் காப்பி, பரீட்சையில் அடிக்கும் காப்பி

காலையில் குடிப்பதும் காப்பி, பரீட்சையில் அடிப்பதும் காப்பி. ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். ஒன்றைச் சொல்ல மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காற்றை விட வேண்டும். இன்னொன்றுக்கு உதடுகளை மூடித் திறந்தால் போதும். தமிழுக்கு வந்தபோது இரண்டும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே சட்டையை மாட்டிக்கொண்டன. நமக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை. 'காப்பி சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் யாரும் பிட்டுப் பேப்பரை நினைப்பதில்லை. இதே காதை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

மற்றவர்கள் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது பல வருடங்களாக என் பிழைப்பில் ஒரு பகுதி. பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ், வேலைக்கான விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் என்று எல்லாம் வரும். பரிசளிப்பு விழா என்று இருக்கவேண்டிய இடத்தில் 'விலையளிப்பு விழா' அச்சுக்குத் தயாராக நிற்கும். பரிசும் ப்ரைஸ், விலையும் ப்ரைஸ். 'இந்த வாய்ப்பை இழக்க விரும்பவில்லை' என்று சொல்ல வந்தவர், வாய்ப்பைத் தொளதொளவென்று ஆக்க விரும்பவில்லை என்று பொருள் வரும்படி எழுதியிருப்பார். இழப்பதும் லூஸ், தொளதொளப்பதும் லூஸ். செல்போன் கடைக்காரர் ஒருவர் 'காலர் டியூன் வைத்துத் தரப்படும்' என்ற போர்டுக்கு வாசகம் கொண்டுவந்தார். அவர் எழுதியிருந்தது சட்டையில் இருக்கும் காலர்.

இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதப்போகிறேன். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். ப்ரைஸ், ப்ரைஸ் என்று அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். நம் காதுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காட்ட அதைவிட நல்ல படம் கிடையாது.

கொஞ்ச நாள் இந்தப் பிழைகளோடு பழகினால் ஒன்று புரியும். அவை குருட்டாம்போக்கில் வருவதில்லை. தமிழர் செய்யும் பிழையை ஜப்பானியர் செய்யமாட்டார். ஜப்பானியர் தடுக்கி விழும் இடத்தில் தமிழர் நடையைக்கூடத் தளர்த்தமாட்டார். லண்டனில் பிறந்து வளர்ந்தவரோ இந்த இருவரும் கனவில்கூடக் காணாத ஒரு தப்பைச் செய்துவிட்டுப் போவார். பெயரை மறைத்துவிட்டு ஒரு பக்கக் கட்டுரையைக் கொடுத்தால், எழுதியவர் எந்த மொழியில் வளர்ந்தவர் என்று பிழைகளை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

நம் பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் இதற்கு அழகான பெயரே உண்டு: மயங்கொலிச் சொற்கள். அரம், அறம். மனம், மணம். கடலைக் குறிக்கும் பரவை, வானத்தில் பறக்கும் பறவை. ரகரத்தையும் றகரத்தையும் இன்று பெரும்பாலான தமிழர்கள் பேச்சில் ஒரேமாதிரிதான் ஒலிக்கிறோம். பழைய வேறுபாட்டை எழுத்துதான் சுமந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் சுவரில் 'சிருநீர் கழிக்காதீர்' என்று எழுதுபவர் வெளியூர்க்காரராக இருப்பதில்லை. தமிழைத் தாய்ப்பாலோடு குடித்தவர்தான் அதை எழுதுகிறார்.

இப்போது தமிழைப் புதிதாகக் கற்கும் ஓர் ஆங்கிலேயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ர, றவில் அவ்வளவாக விழமாட்டார். சொல்லைக் காதால் கேட்பதற்கு முன்பே புத்தகத்தில் கண்ணால் பார்த்தவர் அவர். எழுத்தோடு சேர்த்துத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார். அவர் விழும் குழி வேறு. 'பாட்டி எனக்குத் தினமும் ராத்திரி ஒரு கடை சொல்வாள்' என்று எழுதிவைப்பார். கதைக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு வெட்டவெளிச்சம். அவருக்கு இரண்டும் ஒரே மங்கல்.

ஆக, தாய்மொழிக்காரர் செய்யும் பிழை ஒரு ஜாதி, கற்றுக்கொண்டவர் செய்யும் பிழை இன்னொரு ஜாதி. ஆங்கிலத்திலும் அப்படியேதான். 'அங்கே' என்பதும் 'அவர்களுடைய' என்பதும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி, தேர். 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதைச் சுருக்கினாலும் தேர்தான். இந்த மூன்று தேர்களையும் மாற்றி இழுப்பதில் ஆங்கிலேயர்களையும் அமெரிக்கர்களையும் மிஞ்ச ஆளில்லை. இன்னொன்று இதைவிட வேடிக்கை. 'வுட் ஹேவ்' என்பது வேகமான பேச்சில் 'வுடவ்' என்று தேய்கிறது. நாம் 'ஆஃப்' என்று சொல்லும் அந்தச் சின்னச் சொல்லும் அவர்கள் வாயில் 'அவ்' என்றுதான் வரும். இரண்டையும் ஒன்றாகவே கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளிக்குப் போனதும் 'வுட் ஆஃப்' என்று எழுதுகிறது. அதில் பலர் கடைசிவரை அப்படியே எழுதுகிறார்கள். நம் ஊரில் ஆங்கிலம் படித்தவரிடம் இந்தத் தப்பைப் பார்ப்பது அரிது. நாம் 'வுட் ஹேவ்' என்பதைக் கரும்பலகையில் பார்த்துக் கற்றோம். அது வுடவ்வாகத் தேய்வதைக் கேட்கும் அளவுக்குப் பலருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. சில சமயம் வாய்ப்பு இல்லாததும் நல்லதுதான்.

ரகரமும் நம்மைக் காப்பாற்றுகிறது. தெற்கு இங்கிலாந்தில் உயிரொலிக்கு முன்னால் வராத ரகரத்தை ஒலிப்பதில்லை. அதனால் தொட்டுக்கொள்ளும் ஸாஸும் மூலம் என்ற பொருள் தரும் ஸோர்ஸும் அவர்களுக்கு ஒன்று. பிடித்தேன் என்பதும் நீதிமன்றம் என்பதும் ஒன்று. பல்லும் நாக்கும் அதிர ரகரத்தை உச்சரிக்கும் தமிழருக்கு இந்தக் குழப்பம் வர வழியே இல்லை.

சரி, ஒரே ஒலியை ஒருவர் இரண்டாகவும் இன்னொருவர் ஒன்றாகவும் கேட்பது எப்படி? காது எல்லோருக்கும் ஒன்றுதானே? வியன்னாவில் பேராசிரியராக இருந்த ரஷ்ய மொழியியலாளர் நிகொலாய் த்ருபெட்ஸ்கொய் இதற்கு ஒரு சமையலறை உவமை சொன்னார். அவர் 1938ல் இறந்தார். ஒலியனியல் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஒரு மொழியின் ஒலியமைப்பு ஒரு சல்லடை மாதிரி, கேட்பதெல்லாம் அதன் வழியாகத்தான் இறங்குகிறது என்றார். தாய்மொழிக்குத் தேவையான வேறுபாடுகள் மேலே தங்கும். தேவையில்லாதவை கீழே உதிர்ந்துவிடும். பிற மொழியைக் கேட்கும்போதும் நம் கையில் இருப்பது அதே பழைய சல்லடைதான்.

இந்தச் சல்லடை எந்த வயதில் பின்னப்படுகிறது என்பதைக் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984ல் காட்டினார்கள். அவர்கள் சோதித்த ஒலிகளில் இந்தியின் தகரமும் டகரமும் உண்டு. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை த, ட வேறுபாட்டைச் சுலபமாகக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவற்றுக்கே அது முடிந்தது. ஆங்கிலேயருக்குக் கதையும் கடையும் ஒன்றாகிப்போனது முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்கு முன்பே என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கும் அந்த வயதிலேயே ஏதேதோ ஒலிகள் உதிர்ந்து போயிருக்கும்.

தமிழ் ஒரு வகையில் நேர்மையான மொழி. தன் சல்லடையை மறைத்து வைக்கவில்லை, இலக்கணமாகவே எழுதி வைத்தது. வடசொல் வந்தால் அதன் எழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தில் எழுது என்று தொல்காப்பியம் சொல்கிறது. ரங்கன் அரங்கனானதும், ராமன் இராமனானதும் அப்படித்தான். பிற்காலத்தில் ஸ்கூல் 'இஸ்கூல்' ஆனதற்கும் இதே மரபுதான் காரணம். இலக்கணம் படிக்காதவர் வாயிலும் இலக்கணம் வேலை செய்துகொண்டிருந்தது.

நம் சல்லடை எங்கே நெருக்கம், எங்கே ஓட்டை என்று பார்ப்போம். நெருக்கமான இடங்கள் நிறைய உண்டு, அதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. கப்பல் என்ற ஷிப்பும் செம்மறியாடு என்ற ஷீப்பும் ஸ்பானியர்களையும் இத்தாலியர்களையும் அழவைக்கும் ஜோடி. குறில், நெடில் என்று அரிச்சுவடியிலேயே கற்ற நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மரம் என்ற ட்ரீ, மூன்று என்ற த்ரீ: ட, த. முடிந்தது கதை. பிரெஞ்சுக்காரர் இந்த மூன்றைச் சொல்ல எவ்வளவு பாடுபடுகிறார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஓட்டைகளில் முதலாவது, நம் வல்லின எழுத்துகள். பகரம் ஒன்றுதான். 'பல்' என்னும்போது உதட்டில் மட்டும் பிறக்கிறது. 'அம்பு' என்னும்போது தொண்டையும் சேர்ந்து அதிர்கிறது. தினமும் நூறு முறை இரண்டையும் சரியான இடத்தில் ஒலிக்கிறோம். ஆனால் எது எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால், அவை இரண்டு ஒலிகள் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ககரமும் அப்படித்தான்: கல், அங்கே, அகம். சகரம் இன்னும் மோசம்: பசி, பச்சை, மஞ்சள். செய்த பாவத்தையும் நடனத்தில் காட்டும் பாவத்தையும் ஒரே எழுத்தில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மொழி நம்முடையது. இந்த நிம்மதியோடு ஆங்கிலத்துக்குப் போகிறவருக்கு, சொல்லின் கடைசியில் நிற்கும் ஒலிதான் எதிரி. பையும் முதுகும், தொப்பியும் வாடகைக் காரும், மரக்கட்டையும் பூட்டும் அங்கே கடைசி ஒலியில் மட்டும்தான் வேறுபடுகின்றன.

பஸ், பந்து என்ற பால் என்று கேட்டு வளர்ந்த இன்றைய நகரத்துப் பிள்ளைக்கு இந்த ஓட்டை பெரும்பாலும் அடைந்துவிட்டது, உண்மைதான். கிராமத்துப் பள்ளியிலிருந்து முதல் தலைமுறையாக ஆங்கிலத்தில் எழுத வருபவரிடம் இன்னும் பார்க்கலாம்.

அடையாத ஓட்டை, இஸட். அந்த எழுத்தின் பெயரையே இசட் என்றுதான் சொல்கிறோம். எஸ்ஸுக்கும் இஸட்டுக்கும் உள்ள அதிர்வு வேறுபாடு தமிழ்க் காதில் விழுவதே இல்லை. விழாததால் வரும் நஷ்டம் சாதாரணமானதல்ல, ஏனென்றால் ஆங்கிலம் அந்த ஓர் அதிர்வை வைத்துக்கொண்டு இலக்கணமே நடத்துகிறது. அறிவுரை என்ற அட்வைஸ் பெயர்ச்சொல், அதற்கு எஸ் ஒலி, எழுத்தில் சி. அறிவுரை கூறு என்ற அட்வைஸ் வினைச்சொல், அதற்கு இஸட் ஒலி, எழுத்தில் எஸ். பயன் என்ற யூஸுக்கும் பயன்படுத்து என்ற யூஸுக்கும் அதே கணக்கு. அங்கே எழுத்துகூட மாறுவதில்லை. தாய்மொழிக்காரர் காதைக் கேட்டு எழுதுகிறார். நமக்குக் காது உதவாததால் விதியை மனப்பாடம் செய்கிறோம். அவசரத்தில் விதி மறந்துபோகிறது. பயிற்சி என்ற ப்ராக்டிஸில் பெயருக்கும் வினைக்கும் ஒலியே ஒன்றுதான். அங்கேயும் பிரிட்டிஷார் பெயருக்கு சி, வினைக்கு எஸ் என்று வேறுபடுத்தி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் இரண்டுக்கும் சி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இந்த விஷயத்தில் என் ஓட்டு அமெரிக்காவுக்கு.

அப்புறம் வகரம். ஆங்கிலத்தில் வீ என்றும் டபிள்யூ என்றும் இரண்டு. நமக்கு ஒன்று. திமிங்கிலம் வேல், ஒப்பாரி வேல், முகத்திரை வேல், பள்ளத்தாக்கு வேல். இதில் முதல் இரண்டும் பெரும்பாலான ஆங்கிலேயருக்கும் ஒன்றே, பின்னிரண்டும் ஒன்றே. ஆனால் இந்த ஜோடியை அந்த ஜோடியோடு கலக்கமாட்டார்கள். நாம் நான்கையும் கலந்து, முருகன் கையில் இருப்பதையும் சேர்த்து ஐந்தாக்கி வைத்திருக்கிறோம்.

உயிர் எழுத்துகளின் பக்கம் வந்தால் கணக்கு இன்னும் சிக்கல். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 20 உயிரொலிகள், நம்மிடம் 12. வாயை உருட்டித் திறந்து சொல்லும் அவர்களுடைய ஒலிகளை எல்லாம் நாம் ஆகாரத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறோம். கட்டில் காட், பிடித்தேன் காட். கையிருப்பு ஸ்டாக், செடியின் தண்டு ஸ்டாக். காலர் டியூன் விவகாரமும் இதே ஆகாரக் கிடங்கில் நடந்த விபத்துதான். கொஞ்சம் எச்சரிக்கையானவர்கள் ஓகாரத்துக்குப் போய் மாட்டிக்கொள்வார்கள்: செலவுக்கும் கடற்கரைக்கும் வேறுபாடு தெரியாமல் 'செலவோரக் காவல்படை' வந்துவிடும். எனக்குத் தெரிந்து இந்த வகையில் ஆபத்தானது வான்ட், வோன்ட். ஒன்று வேண்டும் என்பது, மற்றது மாட்டேன் என்பது. அதைவிட, அதைக்காட்டிலும் என்று ஒப்பிடும் தேனும் 'பிறகு' என்ற தென்னும் இடம் மாறினால் வாசகர் தானே சரிசெய்துகொண்டு படித்துவிடுவார். வருகிறேன் என்பது வரமாட்டேன் என்று போய்ச் சேர்ந்தால் யார் சரிசெய்வது?

இதுவரை சொன்னதெல்லாம் வாயும் காதும் சம்பந்தப்பட்டது, எழுதும்போது சத்தமே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மிட்சுஹிகோ ஓட்டாவும் சக ஆய்வாளர்களும் 2009ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. திரையில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் தோன்றும். இரண்டுக்கும் பொருளில் தொடர்பு உண்டா, இல்லையா என்று பட்டனை அழுத்த வேண்டும். யாரும் எதையும் உச்சரிப்பதில்லை. 'சாவி' என்ற சொல்லும் 'பாறை' என்ற சொல்லும் வந்தால் ஆங்கிலேயர் உடனே 'இல்லை' என்று அழுத்திவிடுகிறார். ஜப்பானியர் தயங்குகிறார், தப்பாகவும் அழுத்துகிறார். பாறை ஆங்கிலத்தில் ராக், பூட்டு லாக். ஜப்பானிய மொழியில் ர, ல என்று இரண்டு தனி ஒலிகள் கிடையாது. அமைதியாகக் கண்ணால் படிக்கும்போதுகூட, பாறையைப் பார்த்தவர் மனதில் பூட்டும் திறந்துகொள்கிறது. பகரத்தின் இரண்டு வகைகளில் தடுமாறும் அரபு மொழிக்காரர்களிடமும் அதே மாதிரியான தயக்கத்தைப் பார்த்தார்கள்.

வாயில் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டாலும் எழுத்தில் தப்பு ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது இப்போது விளங்கும். அந்தச் சொல் மனதின் பெட்டியில் வைக்கப்பட்டபோதே பக்கத்துச் சொல்லோடு ஒட்டியபடி வைக்கப்பட்டுவிட்டது. எடுக்கும்போது எது கையில் வருகிறதோ அது. தமிழர்களுக்கு இந்தச் சோதனையை நடத்தச் சொன்னால் நான் 'கோப்பை', 'விலை' என்ற ஜோடியை வைத்துப் பார்ப்பேன்.

பழியை எல்லாம் கற்பவர் தலையில் போடுவதும் சரியில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒழுங்காக இருந்திருந்தால் பாதித் தொல்லை இல்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476ல் லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த காலத்தில் ஆங்கிலேயரின் நெடில் உயிர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. 15ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய 300 ஆண்டுகள் நடந்த இந்த நகர்வில் ஒலிகள் மாறிக்கொண்டே போயின. அச்சு எழுத்துகளோ பழைய இடத்திலேயே உறைந்து நின்றன. இறைச்சி என்ற மீட்டும் சந்திப்பு என்ற மீட்டும் அதற்கு முன் வேறு வேறு ஒலிகள், அதனால்தான் வேறு வேறு எழுத்து. இரவும் நைட், வீரனும் நைட். வீரன் ஒரு காலத்தில் முன்னால் ககரத்தோடு ஒலித்தான். இதற்கு மேல் படித்தவர்களின் குறும்பு வேறு. கடன் என்ற டெட் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீன் மூலத்தில் இருக்கிறது என்று அறிஞர்கள் அதைச் சொருகினார்கள். இன்றுவரை யாரும் ஒலிக்காத அந்த பி எல்லா வங்கித் தாள்களிலும் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் எழுத்தில் கடனும் 'செத்த' என்பதும் ஒரே டெட் என்பது தனி வருத்தம்.

ஒலி ஒத்துப்போகாமலேயே குழப்பும் சொற்களும் உண்டு. தத்தெடுப்பது அடாப்ட், தகவமைவது அடாப்ட். இவையாவது நம் ஆகாரக் கிடங்கின் சரக்கு. ஆனால் இன்டஸ்ட்ரியல், இன்டஸ்ட்ரியஸ்? பெர்சனல், பெர்சனெல்? அமைதி என்ற க்வயட், ஓரளவு என்ற க்வைட்? ஹைஃபா பல்கலைக்கழகத்தின் பாட்யா லாஃபர் 1988ல் இவற்றுக்கு 'சின்ஃபார்ம்' என்று பெயர் வைத்தார்; உருவத்தில் உடன்பிறப்புகள் என்று சொல்லலாம். அரைகுறையாகத் தெரிந்த சொல்லுக்கு நினைவில் ஒரு எலும்புக்கூடுதான் இருக்கிறது: முதல் எழுத்து, மொத்த நீளம், நடுவில் சில மெய்கள். அந்த எலும்புக்கூட்டுக்குச் சதை போடும்போது பக்கத்து வீட்டுக்காரனின் சதை ஒட்டிக்கொள்கிறது. மருந்தைப் பரிந்துரைப்பதும் தடை செய்வதும் ஆங்கிலத்தில் ஓர் உயிரெழுத்து மாறும் தூரத்தில்தான் இருக்கின்றன.

மருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரை அமெரிக்காவில் லோசெக் என்ற பெயரில் வந்தது. உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் ஏற்கனவே புழக்கத்தில் இருந்தது. ஆங்கிலமே தாய்மொழியான மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் இரண்டையும் மாற்றிக் கொடுத்ததால், 1990ல் லோசெக்கின் பெயரை ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள். இப்படிப்பட்ட பெயர்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தாக அச்சிடும் வழக்கமும் மருத்துவமனைகளில் உண்டு. கண்ணுக்கு ஒரு முட்டுக்கட்டை போட்டு நிறுத்திப் பார்க்கவைக்கும் தந்திரம் அது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். 'குழப்பும் சொற்கள் நூறு' என்று ஒரு பட்டியல். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அதன் இரட்டை. இரண்டையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒன்றை உறுதியாகக் கற்றுக்கொள்ளாத நிலையில் அதேமாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்று சொற்கள் கற்பிப்பதைப் பற்றி வெகுகாலமாக எழுதிவரும் நியூசிலாந்தின் பால் நேஷன் போன்றவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். என் அனுபவமும் அதுவே. அசையாமல் நிற்பது ஸ்டேஷனரி, எழுதுபொருள் ஸ்டேஷனரி. ஆறாம் வகுப்பில் ஒரே வகுப்பில் இரண்டையும் கற்றேன். அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் எது எது என்று தெரியாமல் அகராதியைப் புரட்டினேன்.

கணினி வந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்திருக்க வேண்டும். பழைய பிழைதிருத்தி இதில் பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை. அது பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: எழுதிய சொல் அகராதியில் இருக்கிறதா? விலை இருக்கிறது, பரிசும் இருக்கிறது. சிவப்புக் கோடு விழாது. உண்மையில் அது தப்பை அமுக்கிவைத்தது. எழுத்துப் பிழைகள் எல்லாம் திருத்தப்பட்ட பக்கத்தில் இந்த மயங்கொலிப் பிழை மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். இப்போது வரும் கருவிகள் அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்து ஊகிக்கின்றன. பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கின்றன. ஆனால் 'வருகிறேன்', 'வரமாட்டேன்' இரண்டுமே பொருந்தும் வாக்கியத்தில் எந்தக் கருவியும் நம் மனதுக்குள் எட்டிப்பார்க்க முடியாது.

ஒலியை வைத்துச் சொற்களைக் கூட்டுச்சேர்க்கும் யோசனை கணினிக்கும் முந்தியது. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918ல் சவுண்டெக்ஸ் என்ற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஆள்பெயர்களைக் கேட்டபடி எழுதும்போது எழுத்துகள் மாறிவிடுவதால், ஒரேமாதிரி ஒலிக்கும் பெயர்களை ஒரே இடத்தில் தேட அது வழி செய்தது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் ஆள் தேட அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் பி, எஃப், வீ எல்லாம் ஒரே எண். டி வகைகள் இரண்டும் இன்னொரு எண். சி, ஜி, கே, எஸ், இஸட் முழுக் கூட்டமும் வேறோர் எண். அந்த அட்டவணையை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ப, ட என்று நம் அரிச்சுவடியை எண்ணாக மாற்றி வைத்தமாதிரி இருந்தது. நம்முடையது பிழை, ரஸ்ஸலுடையது காப்புரிமை.

திருத்திக் கொடுக்கும்போது நான் வாங்கிய பாடம் ஒன்று உண்டு. உச்சரிப்பைச் சரிசெய்து எழுத்தைச் சரிசெய்வது பெரியவர்களுக்கு நீண்ட வழி. நமக்குக் கைவந்த வழி கண். அதனால் சொல்லை வேண்டுமென்றே எழுத்துப்படி தப்பாக உச்சரித்துப் பழகுவது பலருக்கு உதவுகிறது: புதன்கிழமையை மனதுக்குள் 'வெட்-நெஸ்-டே' என்று சொல்லிக்கொண்டு எழுதுபவருக்கு அந்த டி தப்பிப்போவதில்லை. இஸட் வரும் பரிசை நான் 'ப்ரைஜ்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன். கேட்க அசிங்கமாகத்தான் இருக்கும், யாருக்கும் கேட்காதே.

ஸ்டேஷனரிக்கு மட்டும் தமிழே கைகொடுத்தது. அசையாததற்கு அ, எழுதுபொருளுக்கு எ. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் அந்த ஓர் எழுத்தில்தான் வித்தியாசம். அதன்பின் அகராதியைப் புரட்டவில்லை. என் அண்ணன் மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது அவள் உடனே ஒரு கொக்கி போட்டாள். 'சித்தப்பா, அ-வுக்கு இங்கிலீஷில் ஏ என்று பேர், எ-வுக்கு இ என்று பேர். எழுதும்போது எதை நினைத்துக்கொள்வது?' அவள் கேட்பது சரிதான். காக்ஸ்டனுக்கு 100 வருடம் முன்பு கேட்டிருந்தால் சிக்கலே இல்லை; அந்த உயிர்கள் இடம்பெயர்வதற்கு முன் அந்த எழுத்துகளின் பெயர்கள் கிட்டத்தட்ட ஆ, ஏ, ஈ என்றே இருந்தன.